வீக்கம் வடிந்த பிறகும் அம்மாவின் கை ஏன் வலிக்கிறது?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 46. கம்பத்திலிருந்து தினமும் விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்தில் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறார். ஏழு மாதமாக இரண்டு கை விரல்களிலும் மணிக்கட்டிலும் வீக்கமும் வலியும். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரலை மடக்க முடிவதில்லை. மலை மேலே உள்ள ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்து, முடக்குவாதம் என்றும் "நீர்க்கெட்டு" என்றும் சொல்லி, வாரம் ஒரு நாள் மட்டும் போடும்படி மெத்தோட்ரெக்சேட் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரம் போட்டும் வலி குறையவில்லை. அது புற்றுநோய் மாத்திரை என்று வேறு யாரோ சொல்லிவிட்டார்கள். அம்மா நிறுத்திவிட்டார். நீர் கோத்துக்கொள்கிறது என்று தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிட்டார். மெடிக்கல் ஷாப்பில் காகிதப் பொட்டலத்தில் தரும் மாத்திரைகளைப் போட்டால் வீக்கம் வடிகிறது. ஆனாலும் வளையல் உரசினால்கூட அழுகிறார், வெதுவெதுப்பான தண்ணீரில் கை வைத்தால் எரிகிறது என்கிறார். வளையலைக் கழற்றி வைத்ததற்கும் வீட்டில் சண்டை. "வீக்கமே இல்லையே, வேலைக்குப் போகாமலிருக்க நடிக்கிறாள்" என்று அப்பா திட்டுகிறார். வீக்கம் வடிந்த பிறகும் வலி எப்படி இருக்கும்? வலி மாத்திரை உடம்புக்குள் என்னதான் செய்கிறது? (கம்பம் வாசகி)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அப்பா சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மா நடிக்கவில்லை. வீக்கம் கண்ணுக்குத் தெரிவது; வலி நரம்பில் நடப்பது. இரண்டுக்கும் மூல காரணம் ஒன்றே என்றாலும் இரண்டும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிவதில்லை. இதை நான் புத்தகத்தில் படித்திருந்தும் பழகிக்கொள்ள எனக்கே சில வருடங்கள் ஆயின. மருத்துவப் பணிக்கு வந்த புதிதில், ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண்ணின் விரல்களை அழுத்திப் பார்த்துவிட்டு, வீக்கம் இல்லை, ஓய்வு எடுத்தால் போதும் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த மழைக்காலத்தில் அவர் திரும்பி வந்தபோது எடுத்த எக்ஸ்-ரேயில் விரல் எலும்புகளின் ஓரம் அரித்துப் போயிருந்தது. அந்தப் படம் இன்றும் என் நினைவில் இருப்பதால்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வலியைப் பற்றிப் பேசுமுன் ஓர் அவசரமான செய்தி இருக்கிறது. மலையாளத்தில் "நீர்க்கெட்டு" என்றால் அழற்சி என்று பொருள். அடிபட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடாகி வலிப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். நமக்கோ அந்தச் சொல் காதில் விழுந்ததும் நீர் கட்டிக்கொண்டது என்றே தோன்றும். எல்லைக்கு இந்தப் பக்கமிருந்து மேலே போய் வைத்தியம் பார்ப்பவர்களில் இப்படிப் புரிந்துகொண்டு தண்ணீரைக் குறைத்தவர்கள் உங்கள் அம்மா ஒருவர் மட்டும் அல்லர். வீங்கிய மூட்டுக்குள் திரவம் சேர்வது உண்மைதான். ஆனால் அது குடித்த தண்ணீர் இறங்கித் தேங்குவதால் வருவதில்லை. மூட்டின் உள்ளுறையில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் அழற்சியால் விரிந்து கசிவதால் வருவது. தண்ணீரைக் குறைத்தால் அந்தக் கசிவு குறையாது. வலி மாத்திரையும் போட்டுக்கொண்டு தண்ணீரும் குடிக்காமலிருந்தால் சிறுநீரகம் கெடும். தோட்டத்தில் பெண்களுக்கு ஒதுங்க இடமில்லாததால் பகல் முழுவதும் தண்ணீரே குடிக்காமல் இருப்பது ஏற்கெனவே வழக்கமாகிவிட்ட ஒன்று. அதோடு இந்தப் பயமும் சேர்ந்துவிட்டது. இன்றிலிருந்தே அம்மாவைப் பழையபடி தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். விரல் மூட்டின் உறையிலும், அதைச் சுற்றிய தசைநார்களிலும், எலும்பின் மேல்தோலிலும் வலியுணர் நரம்புகளின் நுனிகள் கிளை கிளையாகப் பரவியிருக்கின்றன. அந்த நரம்பு ஒவ்வொன்றின் உயிரணு உடல் விரலில் இல்லை. கழுத்துத் தண்டுவடத்தின் பக்கத்தில், ஒரு சிறு முடிச்சில் இருக்கிறது. விரல் நுனியிலிருந்து கழுத்து வரை ஒரே இழை. இவற்றுள் மெல்லிய இழைகள் சேதியை நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில், அதாவது மனிதர் நடக்கும் வேகத்தில்தான் கொண்டு செல்கின்றன. மரத்தில் கை இடித்தால் சுரீரென்று ஒரு வலி வந்து, ஒரு கணம் கழித்துக் கடுகடுவென்று இன்னொரு வலி ஊறி வருகிறதே, அந்த இரண்டாவது வலி இந்த மெல்லிய இழைகளின் வழியே வருவது. அழற்சி வலியில் பெரும்பங்கு இவற்றினுடையது.

இந்த நரம்பு நுனிகளின் மேற்பரப்பில் பலவிதமான ஏற்பிகள் பதிந்திருக்கின்றன. ஏற்பி என்பது ஒரு குறிப்பிட்ட வேதிப்பொருள் வந்து பொருந்தினால் மட்டும் இயங்கும் புரதம். சில ஏற்பிகள் தாமே கதவாகத் திறந்து, மின்னூட்டம் கொண்ட அயனிகளை உள்ளே விட்டு நரம்பை நேரடியாகத் தூண்டும். வேறு சில, உள்ளே இருக்கும் மற்றக் கதவுகளை எளிதாகத் திறக்கும்படி தளர்த்திவிடும். உங்கள் அம்மாவின் வலியைப் புரிந்துகொள்ள இந்த இரண்டாம் வகைதான் முக்கியம்.

இதை ஆய்வுக்கூடம் இல்லாமலே உங்கள் அடுப்படியில் பார்க்கலாம். காந்தாரி மிளகாயை வெறுங்கையால் நறுக்கிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வெந்நீரில் கை வைத்துப் பார்த்திருப்பீர்கள். முன்பு இதமாக இருந்த அதே சூடு, கொதிக்கிற தண்ணீர் போல் எரியும். தண்ணீரின் சூடு கூடவில்லை, தோலும் வேகவில்லை. மாறியது நரம்பில் இருக்கும் ஒரு ஏற்பி. டி.ஆர்.பி.வி.1 என்னும் அந்த ஏற்பியை 1997ல் அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டறிந்தார்கள். அதற்காக 2021ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மிளகாயின் காரப்பொருள் பட்டாலும், சூடு ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசைத் தாண்டினாலும் திறக்கிற கதவு அது. இரண்டும் ஒரே கதவைத் தட்டுவதால்தான் காரத்தை நாம் "எரிச்சல்" என்கிறோம். காரம் பட்ட பிறகு 43 டிகிரி என்ற வரம்பு இறங்கிவிடுகிறது. வெதுவெதுப்பே போதும், கதவு திறந்துவிடும்.

அழற்சி நடக்கும் மூட்டில் மிளகாய் இல்லாமலே இதே காரியம் நடக்கிறது. அங்கே கசிந்து சேரும் வேதிப்பொருள்கள் அந்த வரம்பைக் கீழே இறக்குகின்றன. சில நேரங்களில் உடலின் சாதாரணச் சூட்டுக்கும் கீழே இறக்கிவிடுகின்றன. இந்த ஏற்பி இல்லாதபடி வளர்க்கப்பட்ட எலிகளுக்கு அழற்சி உண்டாக்கியபோது அவற்றுக்கு அந்தச் சூட்டு எரிச்சல் வரவில்லை என்று 2000ல் காட்டினார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கை எரிகிறது என்று உங்கள் அம்மா சொன்னதை நான் இரண்டு முறை படித்தேன். ஒரு மருத்துவருக்கு அது மிகத் துல்லியமான குறிப்பு. நடிப்பவருக்கு அதைச் சொல்லத் தோன்றாது.

வரம்பை இறக்கும் அந்தப் பொருள்கள் எவை என்பதற்கு வருகிறேன். முடக்குவாதத்தில், கிருமிகளை எதிர்க்கவேண்டிய நோயெதிர்ப்பு அணுக்கள் மூட்டின் உள்ளுறையையே எதிரியாகக் கருதித் தாக்குகின்றன. தாக்கும்போது அவை தமக்குள் சேதி பரிமாறிக்கொள்ளப் பல பொருள்களைச் சுரக்கின்றன. நரம்பும் அந்தச் சேதிகளை ஒட்டுக்கேட்கிறது என்று சொன்னால் தவறில்லை, ஏனெனில் அதே பொருள்களுக்கான ஏற்பிகள் நரம்பின் மேலும் இருக்கின்றன.

அவற்றுள் பிராடிகைனின் ஒன்று. 1949ல் பிரேசில் நாட்டின் மவுரீசியோ ரோச்சா இ சில்வாவும் அவருடைய குழுவினரும், அந்நாட்டு விரியன் வகைப் பாம்பு ஒன்றின் விஷத்தை ரத்த நீரில் சேர்த்தபோது இதைக் கண்டார்கள். பிராடிகைனின் வலி நரம்பை நேரடியாகவே தூண்டும். அதற்கு இரண்டு ஏற்பிகள் உண்டு. ஒன்று எப்போதும் நரம்பில் இருப்பது, மற்றது பெரும்பாலும் அழற்சி வந்த பிறகே முளைப்பது. நோய் நீடிக்க நீடிக்க வலியைக் கேட்கும் காதுகளின் எண்ணிக்கையே கூடுகிறது என்பதை இதிலிருந்து கவனியுங்கள்.

அடுத்தது புரோஸ்டாகிளாண்டின். நீங்கள் கேட்ட வலி மாத்திரையின் கதை முழுக்க இதோடு சேர்ந்தது. உயிரணுச் சவ்வில் உள்ள கொழுப்பிலிருந்து, காக்ஸ் என்னும் நொதி இதைத் தயாரிக்கிறது. இதன் சுபாவம் விசித்திரமானது. 1972ல் செர்ஜியோ ஃபெரெய்ரா என்னும் ஆய்வாளர் மனிதத் தோலுக்கு அடியில் சிறிதளவு புரோஸ்டாகிளாண்டினைச் செலுத்திப் பார்த்தபோது அது தனியாகப் பெரிய வலி எதையும் உண்டாக்கவில்லை. ஆனால் அதோடு பிராடிகைனினோ, அழற்சியில் சுரக்கும் இன்னொரு பொருளான ஹிஸ்டமினோ சேர்ந்தபோது வலி கடுமையாக வந்தது. வலியைக் கொண்டுவருவது இன்னொன்று, வலிப்பதற்கு நரம்பைப் பதப்படுத்தி வைப்பது புரோஸ்டாகிளாண்டின். அது தன் ஏற்பியில் பொருந்தியதும் நரம்புக்குள் ஒரு சங்கிலி ஓடி, மேலே சொன்ன சூட்டுக் கதவும், நரம்பின் மின்துடிப்பைக் கிளப்பும் சோடியம் கதவுகளும் சிறு தூண்டலுக்கே திறக்கும்படி மாறிவிடுகின்றன.

ஆஸ்பிரின் அந்தக் காக்ஸ் நொதியைத் தடுக்கிறது என்பதை ஜான் வேன் என்னும் ஆய்வாளர் 1971ல் நிறுவினார். 1982ல் அவருக்கும் வேறு இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென், அசெக்லோஃபெனாக் என்று கடைகளில் கிடைக்கும் வலி மாத்திரைகள் எல்லாம் இதே வேலையைச் செய்பவையே. அவை மூளையை மரக்கச் செய்வதில்லை. புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைக் குறைப்பதால் நரம்பின் வரம்பு மீண்டும் கொஞ்சம் உயர்கிறது, ரத்தக் குழாய்க் கசிவும் ஓரளவு குறைகிறது, வீக்கம் வடிகிறது. ஆனால் மூட்டில் பேசிக்கொண்டிருக்கும் பல குரல்களில் ஒன்றைத்தான் அவை அடக்குகின்றன.

அடங்காத குரல்களில் பலமானவை சைட்டோகைன்கள் எனப்படும் புரதங்கள். டி.என்.எஃப்., இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 என்ற மூன்றையும் பெயரளவில் தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் இன்றைய விலையுயர்ந்த ஊசி மருந்துகள் பெரும்பாலும் இவற்றையே குறிவைக்கின்றன. இவை எலும்பையும் குருத்தெலும்பையும் அரிக்க ஆணையிடுகின்றன; காக்ஸ் நொதியை அதிகமாகத் தயாரிக்கவும் ஆணையிடுகின்றன; கூடவே நரம்பின் மேலுள்ள தங்கள் ஏற்பிகளில் நேரடியாகப் பொருந்தி அதைக் கூராக்கவும் செய்கின்றன. இன்டர்லூகின்-6 பின்னிரவில் ஏறி அதிகாலையில் உச்சத்தில் இருக்கும். ஜீப் வந்து ஹாரன் அடிக்கும் அந்த நேரத்தில் உங்கள் அம்மாவால் விரலை மடக்கித் தூக்குவாளியைப் பிடிக்க முடியாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வீக்கமும் வலியும் ஒரே நேரத்தில் போவதில்லை என்பதற்கு ஒரு தெளிவான சான்று இருக்கிறது. முடக்குவாத நோயாளிகளுக்கு டி.என்.எஃப்.ஐ முடக்கும் மருந்தைக் கொடுத்து, ஜெர்மனியில் மூளையை ஸ்கேன் செய்து பார்த்து 2011ல் வெளியிட்டார்கள். மருந்தைச் செலுத்திய 24 மணி நேரத்துக்குள் மூளையில் வலிக்கான பரபரப்பு தணிந்துவிட்டது. மூட்டின் வீக்கம் அப்போது அப்படியேதான் இருந்தது. அங்கே வீக்கம் இருக்கும்போதே வலி தணியத் தொடங்கியது. உங்கள் வீட்டில் வீக்கம் போன பிறகும் வலி இருக்கிறது. இரண்டும் தனித்தனிக் கணக்கு என்பதை உங்கள் அப்பாவுக்கு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டிச் சொல்லுங்கள்.

வீக்கம் வடிந்த பிறகு வலி தங்குவதற்கு இன்னும் மூன்று காரணங்களைச் சொல்லவேண்டும். முதலாவது, நரம்பு வளர்ச்சிக் காரணி. ரீட்டா லெவி-மொந்தால்சினியும் ஸ்டான்லி கோஹெனும் 1986ல் நோபல் பரிசு பெற்றது இதையும் உள்ளடக்கிய கண்டுபிடிப்புகளுக்காகத்தான். கருவில் நரம்புகளை வளர்க்கும் இந்தப் பொருள், பெரியவர்களில் அழற்சி உள்ள இடங்களில் நிறையச் சுரக்கிறது. அது நரம்பு நுனியில் தன் ஏற்பியோடு பொருந்தியதும் இரண்டும் சேர்ந்து நரம்புக்குள் இழுக்கப்பட்டு, கை நெடுகப் பயணம் செய்து கழுத்தருகே இருக்கும் உயிரணு உடலை அடைகின்றன. அங்கே, இனிச் சூட்டுக் கதவுகளையும் சோடியம் கதவுகளையும் கூடுதலாகத் தயார் செய் என்ற உத்தரவைக் கொடுக்கின்றன. அப்படித் தயாரானவை மறுபடி விரல் நுனிக்கு வந்து சேர நாள்கள் ஆகும். வந்தவை போவதற்கும் நாள்கள் ஆகும். பொட்டல மாத்திரையால் நேற்று வீக்கம் வடிந்திருக்கலாம். போன வாரம் கழுத்தில் புறப்பட்ட உத்தரவு இன்று விரலில் வேலை செய்துகொண்டிருக்கும்.

இரண்டாவது, மூட்டில் உறங்கும் நரம்புகள். ஆரோக்கியமான மூட்டை வளைத்தாலும் அழுத்தினாலும் விழிக்காத வலி நரம்புகள் உண்டு என்று 1980களில் பூனையின் முழங்காலில் கண்டார்கள். அழற்சி வந்ததும் அவை விழித்துக்கொண்டு, சாதாரண அசைவுக்கே துடிக்கத் தொடங்கின. ஏலச்செடியில் காய்ச்சரம் தூரில், தரையை ஒட்டிக் கிடக்கும். குனிந்து, குத்துக்காலிட்டு, முற்றிய காயை மட்டும் விரல் நுனியால் பார்த்துப் பார்த்துக் கிள்ளவேண்டும். ஒரு நாளில் எத்தனை ஆயிரம் முறை அந்தக் கிள்ளல் நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நம் விரலுக்கு அது அசைவு. விழித்த நரம்புக்கு அது ஒவ்வொன்றும் ஒரு காயம்.

மூன்றாவது, தண்டுவடம். விரலிலிருந்து மாதக்கணக்கில் வலிச் சேதி வந்துகொண்டே இருந்தால் தண்டுவடத்தில் அதை வாங்கும் நரம்பணுக்களும் கூராகிவிடுகின்றன. கிளிஃபர்ட் உல்ஃப் என்னும் ஆய்வாளர் 1983ல் இதை விலங்குகளில் காட்டினார். இந்த நிலையில், வலியோடு தொடர்பே இல்லாத தொடு உணர்வு நரம்புகளின் சேதியையும் தண்டுவடம் வலியாகப் படிக்கிறது. வளையல் மணிக்கட்டில் உரசுவது, போர்வை படுவது, சட்டைக் கை இழுபடுவது எல்லாம் வலியாவது இதனால்தான். அந்த வளையலை அவர் கழற்றி வைத்தது சரியான காரியம். மணிக்கட்டு வீங்கும் காலத்தில் வளையல் இறுகிக்கொள்ளவும் கூடும். வீட்டில் யாரும் அதற்குக் குறை சொல்லவேண்டாம்.

அப்படியென்றால் வலியை முழுவதும் அறுத்துவிடும் மருந்து வந்தால் நல்லதல்லவா என்று தோன்றும். அதற்கும் முயன்றார்கள். நரம்பு வளர்ச்சிக் காரணியை முடக்கும் ஓர் ஊசியை மூட்டுத் தேய்மானத்துக்குச் சோதித்தபோது வலி குறைந்தது. ஆனால் சிலருக்கு மூட்டு வேகமாகச் சிதைந்தது, 2021ல் அந்த முயற்சியையே கைவிட்டார்கள். அந்தக் காரணிக்கான ஏற்பி வேலை செய்யாமலே பிறக்கும் அரிய குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு வலி தெரியாது, வியர்க்காது, எலும்பு முறிந்ததும் மூட்டு நொறுங்கியதும் தெரியாமலே நடப்பார்கள். ஆகவே நாம் தேடவேண்டியது நரம்பின் வாயை அடைப்பதை அல்ல. நரம்பைக் கத்த வைக்கும் அழற்சியை அணைப்பதை.

மெத்தோட்ரெக்சேட் செய்வது அதைத்தான். புற்றுநோய்க்கு அது பயன்படுவது உண்மை. ஆனால் அங்கே கொடுக்கும் அளவு பல மடங்கு பெரியது. முடக்குவாதத்துக்கு வாரத்துக்கு 7.5 முதல் 15 மில்லிகிராம் என்ற சிறிய அளவில் தொடங்கி, தேவைக்கேற்ப மருத்துவர் கூட்டுவார். அமெரிக்காவில் 1988லேயே இந்நோய்க்கு அனுமதிக்கப்பட்டு, இன்று உலகம் முழுவதும் முதலில் கொடுக்கப்படும் மருந்து அது. அது வலி மாத்திரையே அல்ல என்பதால் போட்ட அன்று வலி குறையாது. நோயெதிர்ப்பு அணுக்களின் ஆரவாரத்தை மெல்ல அடக்கி, சைட்டோகைன்கள் குறைந்து, எலும்பு அரிப்பு நின்று, கடைசியில்தான் நரம்பு தணியும். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பொறுத்திருக்கவேண்டும். உங்கள் அம்மா மூன்றாவது வாரத்தில் நிறுத்திவிட்டார். மருந்து தோற்றது என்று சொல்ல அந்த அவகாசம் போதாது.

ஆனாலும் வீட்டில் மீதமிருக்கும் மாத்திரையை நீங்களே எடுத்துக் கொடுத்துவிடவேண்டாம். இடையில் தண்ணீர் குடிக்காமல் வலி மாத்திரை போட்டிருக்கிறார். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மெத்தோட்ரெக்சேட் உடலில் தங்கி நஞ்சாகும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், கல்லீரல் பரிசோதனை, ரத்த அணுக்கள் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் பார்த்த பிறகு மருத்துவர் சொல்லும் அளவில் மறுபடி தொடங்கவேண்டும். பிறகும் அவ்வப்போது பார்க்கவேண்டும். மறுபடி மலைக்கு மேலே போக முடியாவிட்டால், க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவுக்குப் பழைய சீட்டுகளோடு போங்கள். மாதவிடாய் நிற்காதவராக இருந்தால் கருத்தரிக்கும் வாய்ப்பைப் பற்றியும் வெட்கப்படாமல் மருத்துவரிடம் பேசவேண்டும், ஏனெனில் இந்த மருந்து கருவுக்குக் கேடு.

இதில் உயிருக்கே ஆபத்தான ஒரு தவறு நடப்பதுண்டு. அதைத் தனியாகச் சொல்கிறேன். வாரம் ஒரு நாள் போடவேண்டியதைத் தினமும் போட்டுவிடுவது. அப்படிப் போட்டால் வாயெல்லாம் புண்ணாகி, எலும்பு மஜ்ஜை அடங்கி, உயிரே போகலாம். மலையாளத்தில் வாரத்துக்கு "ஆழ்ச்ச" என்பார்கள். சீட்டு மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்க, வாயால் சொன்னதை அரைகுறையாகக் கேட்டு, வீட்டுக்கு வந்து மற்ற மாத்திரைகளோடு சேர்த்துத் தினமும் விழுங்கியவர்களைப் பற்றி எந்த ஊர் மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். ஒரு கிழமையை முடிவு செய்து, தினசரி காலண்டரில் அந்தத் தாள்களின் மேல் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுங்கள். அந்தத் தாளைக் கிழிக்கும் நாளில் மட்டும் மாத்திரை. கூடக் கொடுக்கும் ஃபோலிக் அமிலம் மருத்துவர் குறித்த வேறு நாளில். இரண்டும் மஞ்சள் நிறத்தில் இருந்தால் டப்பாவையே பிரித்து வையுங்கள். வாய்ப்புண், காய்ச்சல், வறட்டு இருமலோடு மூச்சுத் திணறல் வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவரிடம் போகவேண்டும்.

காகிதப் பொட்டலத்தைப் பற்றி என் சந்தேகத்தை மறைக்காமல் எழுதுகிறேன். பெயரில்லாமல், அட்டையிலிருந்து பிரித்துக் கலந்து தரும் அத்தகைய பொட்டலங்களில் வலி மாத்திரையோடு ஸ்டீராய்டு மாத்திரையும் இருப்பது அடிக்கடி நடக்கிறது. ஸ்டீராய்டு, புரோஸ்டாகிளாண்டின் தயாராகும் சங்கிலியை மேலிருந்தே அறுத்து, சைட்டோகைன்களையும் குறைப்பதால் வீக்கம் மந்திரம் போட்டதுபோல் வடியும். மருத்துவர்களும் முடக்குவாதத்துக்கு அதைச் சிறிய அளவில், சில வாரங்களுக்கு, கணக்கோடு கொடுப்பதுண்டு. கணக்கில்லாமல் மாதக்கணக்கில் போட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், முகம் ஊதும், தொற்று எளிதில் பிடிக்கும். நீண்ட நாள் போட்டவர்கள் அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. இயல்பாக ஸ்டீராய்டைச் சுரக்கும் உடலின் சொந்தச் சுரப்பி அதற்குள் வேலையை மறந்திருக்கும். ஆகவே பொட்டலத்தைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் அப்படியே எடுத்துப் போய்க் காட்டி, குறைக்கும் முறையைக் கேளுங்கள்.

வெறும் வலி மாத்திரையாகவே இருந்தாலும் அது சாதுவானதன்று. மூட்டில் வலியைக் கூராக்கும் அதே புரோஸ்டாகிளாண்டின், வயிற்றில் அமிலத்திலிருந்து உள்தோலைக் காக்கும் கோழையைச் சுரக்கச் செய்கிறது. உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் போவதையும் அதுவே காக்கிறது. ஒரே பொருள், இடத்துக்கு இடம் வேறு வேறு ஏற்பி, வேறு வேறு வேலை. மாத்திரைக்கு இடம் பார்த்துத் தடுக்கத் தெரியாது. வெறும் வயிற்றில் அதைப் போட்டு ஜீப் ஏறி, பகலெல்லாம் தண்ணீர் இல்லாமல் இருப்பவருக்கு வயிற்றுப்புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வருவதன் காரணம் இதுதான். கருத்த மலம் போனாலோ சிறுநீர் குறைந்தாலோ காத்திருக்கவேண்டாம்.

எண்ணெய் தேய்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நம் பக்கத்தில் கேட்காதவர் இல்லை. கோட்டம்சுக்காதியோ வேறு தைலமோ மெல்லத் தடவுவதை நான் தடுப்பதில்லை. வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டை அழுத்தி உருவுவதும் சொடக்கெடுப்பதும் கூடாது. விழித்திருக்கும் நரம்புகளை அது மேலும் விரட்டும். காலை விறைப்புக்கு வெதுவெதுப்பான தண்ணீர் பலருக்கு இதம் தரும் என்றாலும் உங்கள் அம்மாவுக்கு இப்போது அது எரிகிறது. அந்த எரிச்சல் இருக்கும் வரை வேண்டாம். கை சூடாக இருந்தால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் சுற்றி வைக்கலாம். விரல்களை வலிக்காத அளவுக்குத் தினமும் மடக்கி விரிக்கவேண்டும்; அடியோடு அசைக்காமல் வைத்தால் மூட்டு இறுகிவிடும்.

வேலையை முற்றாக விட்டுவிடச் சொல்ல எனக்கு மனமில்லை, உங்கள் வீட்டு நிலைமை அதற்கு இடம் தராமலும் இருக்கலாம். மருந்து பிடிக்கும் வரையிலான அந்த இரண்டு மூன்று மாதங்களுக்காவது, காய் கிள்ளும் வேலைக்குப் பதிலாகக் களத்தில் காய் பொறுக்கிப் பிரிப்பது போல மணிக்கட்டுக்குப் பாரம் குறைந்த வேலை கிடைக்குமா என்று கங்காணியிடம் அப்பா நேரில் போய்க் கேட்கட்டும். அம்மாவே கேட்டால் வேலைக்குச் சோம்பல் என்பார்கள். அவர் போய், மருத்துவர் சீட்டைக் காட்டிக் கேட்டால் கேட்பார்கள். பன்னிரண்டு வாரம் ஒழுங்காக மருந்து எடுத்தும் காலை விறைப்பு குறையாமலிருந்தால் மருந்தைக் கூட்டவோ வேறு மருந்தைச் சேர்க்கவோ வழிகள் உண்டு. அப்போது பரிசோதனைச் சீட்டுகளில் உள்ள எண்களையும், காலையில் விரல் மடங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பதையும் குறித்து மறுபடி எழுதுங்கள்.